‘பழுது’ என்று பதிவேட்டில் எழுதும் முன்

(பள்ளி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பைக் கேட்டாலே பாதிப் பேருக்குத் தூக்கம் வரும். மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளில் ஃபர்ம்வேர், டிரைவர் சிக்கல்களைத் தீர்ப்பது எப்படி. நான் பொறியாளன் அல்ல. இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, பத்தாம் வகுப்புக்கு ஓம் விதி நடத்துகிறவன். உங்களில் பலரும் என்னைப் போலத்தான். அறிவியலோ கணிதமோ எடுப்பவர்கள், ‘இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தலைமையாசிரியர் சாவியைக் கையில் கொடுத்ததால் ஆய்வகப் பொறுப்புக்கு வந்தவர்கள். ஆகவே பொறியாளர் மொழியில் பேசப்போவதில்லை.

உங்கள் ஆய்வக அலமாரியின் அடித்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறதா? மேலே ‘பழுது’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஐந்தாறு போர்டுகள், சில கேபிள்கள். கைதூக்கச் சொல்லவில்லை, சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் திறந்து பார்த்த பெட்டிகளில் உண்மையிலேயே உயிர்போன போர்டு மிகக் குறைவு. பெரும்பாலானவை நல்ல நிலையில் இருப்பவை. கணினியோடு பேச முடியாமல் நிற்பவை, அவ்வளவுதான்.

இது ஏன் பெரிய விஷயம்? ஒரு குழுவில் நான்கு பேருக்கு ஒரு போர்டு என்று இருந்ததை, பெட்டிக்குள் போனவை போக, எட்டுப் பேருக்கு ஒன்று என்று ஆக்கிவிடுகிறோம். எட்டுப் பேர் சூழ்ந்த மேசையில் இரண்டு பிள்ளைகளின் கைதான் போர்டில் இருக்கும். மீதி ஆறு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆறு பேர் யார் என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அல்லது, வீட்டில் கணினியே பார்த்திராத பிள்ளைகள். அவர்களுக்காக வந்த கருவி அவர்கள் கைக்கு எட்டாமல் போகிறது, அதுவும் ஒரு கேபிளுக்காக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தணிக்கைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் நாம் பொருளைப் பூட்டி வைக்கிறோம். ‘பழுது’ என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பிள்ளைகள் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால்தான் கேள்வி வரும். இந்தப் பயம் நியாயமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு போர்டு பழுதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் சொல்லத் தெரிந்துவிட்டால், பயத்தில் பாதி போய்விடும்.

பேசுவதற்கு ஒரு போர்டைக் கையில் எடுத்துக்கொள்வோம்: மைக்ரோபிட். பிரிட்டனில் பிபிசி நிறுவனம் 2016-இல் ஏழாம் ஆண்டு மாணவர்கள் சுமார் பத்து லட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுத்தது இது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. முன்புறம் இருபத்தைந்து சிவப்பு எல்இடி. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நம் தலைப்பில் உள்ள எல்லாமே இந்த ஒரு அட்டைக்குள் இருக்கிறது.

பின்புறம் திருப்பிப் பாருங்கள். பலரும் ஒரு சில்லுதான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இரண்டு சிறு கணினிகள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைகள் எழுதும் நிரலை ஓட்டும் சில்லு. புதிய வகையில் அது 64 மெகாஹெர்ட்ஸ் வேகம், 128 கிலோபைட் நினைவகம் உள்ள நோர்டிக் சில்லு. இன்னொன்று யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அது பிள்ளைகளின் நிரலை ஓட்டுவதே இல்லை. கணினி அனுப்புவதை வாங்கி, இரண்டே கம்பித் தடங்கள் வழியாக முதல் சில்லுக்குள் எழுதுவதும், அது சரியாக ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதும்தான் அதன் வேலை. இதைத்தான் டீபக் புரோப் என்கிறார்கள். பிழை தேடும் கருவி என்று சொல்லலாம். தொழிற்சாலைகளில் இது தனிப்பெட்டியாக, தனி விலைக்கு வரும். இங்கே அது போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது.

வகுப்பில் நான் சொல்லும் உவமை இது: ஒரு வீடு, உள்ளே பாட்டி இருக்கிறார், வாசலில் பேரன் நிற்கிறான். வருகிற தபாலைப் பேரன்தான் வாங்கிப் பாட்டிக்குப் படித்துக் காட்டவேண்டும். தபால் போய்ச் சேரவில்லை என்றால், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பேரன் வாசலில் இருக்கிறானா என்று பார்க்கவேண்டாமா?

பேரன் தன் வேலையைச் செய்ய அவனுக்கென்று ஒரு நிரல் உண்டு. சில்லுக்குள் நிலையாகப் பதிந்திருக்கும் அந்த நிரல்தான் ஃபர்ம்வேர். மைக்ரோபிட்டில் அதன் பெயர் டாப்லிங்க். கணினிப் பக்கத்தில், வந்திருப்பது யார், அவனோடு எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லிக் கொடுக்கும் சிறு நிரல் டிரைவர். ஒன்று போர்டுக்குள் இருக்கிறது; மற்றது கணினிக்குள் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே போர்டு மற்ற எல்லாக் கணினியிலும் வேலை செய்து ஒன்றில் மட்டும் மறுத்தால் அந்தக் கணினியைப் பாருங்கள். ஒரே போர்டு எல்லாக் கணினியிலும் மறுத்தால் போர்டைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே எத்தனையோ பேர் டிரைவரைத் தேடி இணையத்தில் இரண்டு மணி நேரம் அலைகிறார்கள்.

அதற்கும் முன்னால் கேபிள். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் பெட்டிக்குள் போன போர்டுகளில் அதிகமானவை இதனால்தான் போகின்றன. இந்தப் போர்டுக்கான யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்கவேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. பழைய கைபேசி சார்ஜர், பவர் பேங்க் இவற்றோடு வரும் மலிவு கேபிள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் கிடையாது. அதைச் செருகினால் போர்டில் விளக்கு எரியும். ஏற்கெனவே ஏற்றிய நிரல் அழகாக ஓடும். இதயம்கூடத் துடிக்கும். ஆனால் கணினி அப்படி ஒரு பொருள் வந்ததாகவே காட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுதான்.

எங்கள் பள்ளியில் செய்வது இது: ஒரு நல்ல கைபேசியைக் கணினியோடு இணைத்து, அதிலுள்ள படங்கள் கணினியில் தெரிகின்றனவா என்று பார்ப்போம். தெரிந்தால் அந்தக் கேபிளின் இரு முனையிலும் பச்சை இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. தெரியாவிட்டால் அது சார்ஜ் போட மட்டும். ஆய்வகத்துக்குள் அதற்கு வேலையில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு பாடவேளையில் எல்லாக் கேபிளையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, கேபிள் நல்லது. செருகுகிறோம். இப்போது கணினியில் பென்டிரைவ் போல ஒரு டிரைவ் தோன்றவேண்டும். அதன் பெயரைப் படியுங்கள். ‘மைக்ரோபிட்’ என்றிருந்தால் பேரன் நலமாக இருக்கிறான். ‘மெயின்டனன்ஸ்’ என்றிருந்தால் பயப்படவேண்டாம். பராமரிப்பு நிலைக்குப் போயிருக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் இந்த நிலை வரும். யூஎஸ்பி வாயும் ரீசெட் பட்டனும் அருகருகே இருப்பதால், சின்னக் கை செருகும்போது விரல் அதன்மேல்தான் விழும். கழற்றிவிட்டு, பட்டனைத் தொடாமல் மறுபடி செருகுங்கள். ‘மைக்ரோபிட்’ வந்துவிடும். பல பள்ளிகளில் இந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் போர்டைப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

பட்டனைத் தொடாமல் செருகியும் ஒவ்வொரு முறையும் ‘மெயின்டனன்ஸ்’ என்றே வருகிறதா? அப்போதுதான் பேரனுடைய நிரல் கெட்டிருக்கிறது. அதையும் சரிசெய்யலாம். பிறகு வருகிறேன்.

‘மைக்ரோபிட்’ டிரைவைத் திறந்தால் ‘டீடெய்ல்ஸ்’ என்று ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். யாரும் திறப்பதில்லை. அது போர்டின் அடையாள அட்டை. அதில் இன்டர்ஃபேஸ் வெர்ஷன் என்ற வரியில் நான்கு இலக்க எண் இருக்கும். அதுதான் ஃபர்ம்வேரின் பதிப்பு. முதல் தலைமுறைப் போர்டில் இந்த எண் 0249-க்குக் கீழே இருந்தால், குரோம் உலாவியிலிருந்து நேரடியாக நிரலை ஏற்றும் வசதி வேலை செய்யாது. போர்டு பழுதில்லை, டிரைவர் பழுதில்லை. 2016-ஐ ஒட்டிய ஃபர்ம்வேருக்கு அந்த வித்தை தெரியாது, அவ்வளவுதான். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாம், அல்லது பழைய முறையில் கோப்பை இழுத்துப் போடலாம்.

இழுத்துப் போடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஹெக்ஸ் கோப்பை இழுத்துப் போட்டதும் டிரைவ் மறைந்து மறுபடி தோன்றும். திறந்து பார்த்தால் நாம் போட்ட கோப்பு இருக்காது. ‘சார், காப்பி ஆகலை’ என்பார்கள் பிள்ளைகள். ஆகியிருக்கிறது. அது உண்மையான பென்டிரைவ் அல்ல. பேரன் போடும் வேடம். நாம் போடும் கோப்பை அவன் சேமித்து வைப்பதில்லை. வர வர வரிவரியாகப் பிரித்து உள்ளே எழுதிவிடுகிறான். வேலை முடிந்ததும் கதவை ஒருமுறை மூடித் திறக்கிறான். ‘முறையாக வெளியேற்றவில்லை’ என்று சில கணினிகள் அப்போது அதட்டும். கண்டுகொள்ளவேண்டாம்.

ஏற்றுவது தவறிப்போனால் அந்த டிரைவிலேயே ‘ஃபெயில்’ என்று ஒரு கோப்பு தோன்றும். எனக்கு இந்தப் போர்டில் மிகவும் பிடித்தது இதுதான். தோற்றால், ஏன் தோற்றேன் என்று எழுதி வைக்கிறது. ஒரு வரியில் பிழை என்ன என்றும், அடுத்த வரியில் அது எந்த வகை என்றும் இருக்கும். வகை ‘யூசர்’ என்றால் நாம் கொடுத்த கோப்பில் கோளாறு. பாதியில் நின்ற பதிவிறக்கமாக இருக்கலாம், படக்கோப்பைப் போட்டிருக்கலாம். ‘டிரான்சியன்ட்’ என்றால் தற்காலிகத் தடங்கல். மறுபடி போட்டுப் பாருங்கள். ‘டார்கெட்’ என்றால் பேரன் கதவைத் தட்டியும் பாட்டி பதில் சொல்லவில்லை. முதலில் போர்டில் மாட்டியிருக்கும் முதலைக் கவ்விகள், மோட்டார், சென்சார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். விளிம்பில் உள்ள 3 வோல்ட் முனையும் தரை முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கவ்வி ஒன்று சாய்ந்து இரண்டையும் தொட்டால் போதும்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள், பேர் சொல்லவில்லை. ஆங்கிலப் பாடம் என்றால் பின் பெஞ்சுக்குப் போய்விடுவாள். இந்த ‘ஃபெயில்’ கோப்பைப் படித்துச் சொல்லும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் ‘டைம்ட் அவுட்’ என்றால் என்ன, ‘டீகோட்’ என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு விளக்குகிறாள். ஆங்கில ஆசிரியை என்னிடம் வந்து, ‘என்ன சார் மாயம் செய்தீர்கள்’ என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை. படித்தால் போர்டு ஓடும் என்றால் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இனிக் கணினிப் பக்கம். நம் ஆய்வகங்களில் சிலவற்றில் பாதுகாப்புக்காகப் பென்டிரைவைத் தடை செய்திருப்பார்கள். அப்படித் தடை செய்த கணினியில் ‘மைக்ரோபிட்’ டிரைவ் தோன்றாமல் போகலாம், ஏனென்றால் கணினியின் கண்ணுக்கு அதுவும் பென்டிரைவ்தான். போர்டில் குற்றமில்லை. அப்போதும் குரோம் அல்லது எட்ஜ் உலாவி வழியாக நேரடி இணைப்பு பல சமயம் கிடைத்துவிடும். அது பென்டிரைவ் வேடத்தில் போகாமல் வேறு வாசலில் போகிறது. ஃபயர்ஃபாக்ஸில் இந்த வாசல் இல்லை. உலாவியில் இணைக்கும்போது ‘வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்’ என்ற பொருளில் செய்தி வந்தால், அதே போர்டை இன்னொரு தாவல் பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் ஒரே பக்கத்தை மூன்று தாவல்களில் திறந்து வைத்திருப்பார்கள். ஒன்றைத் தவிர மற்றதை மூடச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இந்தப் போர்டுக்கு எந்த டிரைவரும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 7 இருக்கும் பழைய கணினியில், போர்டு அனுப்பும் எண்களைத் திரையில் பார்க்க மட்டும் சீரியல் டிரைவர் தனியாகத் தேவைப்படும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை இருமுறை சொடுக்கி, கோட் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 43 என்றால் பொருள் தன்னைச் சரியாக அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. டிரைவரைத் தேடி ஓடாதீர்கள், கேபிளையும் யூஎஸ்பி துளையையும் மாற்றுங்கள். கணினிப் பெட்டியின் முன்புறத் துளைகள் பல சமயம் தளர்ந்திருக்கும். பின்புறத்தில் செருகிப் பாருங்கள்.

டிரைவர் மாற்றும் மென்பொருள்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஜாடிக் என்று ஒன்று இருக்கிறது. நல்ல கருவி, டீபக் வேலை செய்யும் பொறியாளர்களுக்குத் தேவையானது. ஆனால் அது கேட்காமல் கொடுக்கும் மருந்து மாதிரி. பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், டிரைவாகத் தெரிந்த போர்டு டிரைவாகத் தெரியாமல் போய்விடும். விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தட்டச்சே போய்விடும். யாராவது அப்படிச் செய்துவிட்டிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ‘டிரைவரையும் நீக்கு’ என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். கேபிளைக் கழற்றி மறுபடி செருகினால் விண்டோஸ் தன் பழைய டிரைவரை எடுத்துக்கொள்ளும். காணொளி ஒன்றில் சொன்னார்கள் என்பதற்காக ஆய்வகக் கணினியில் இதை ஓட்டாதீர்கள்.

அர்டுயினோ வைத்திருப்பவர்கள் பொறுமையாக இருக்கிறீர்கள், உங்களுக்கும் வருகிறேன். அர்டுயினோ ஊனோவில் டீபக் புரோப் என்று சொல்லும்படி முழுமையாக எதுவும் இல்லை. ஆனால் யூஎஸ்பிக்கும் முதன்மைச் சில்லுக்கும் இடையே நிற்கும் ஒரு பேரன் அங்கும் உண்டு. விலை குறைந்த நகல் போர்டுகளில் அவன் பெயர் பெரும்பாலும் சிஎச்340. விண்டோஸில் காம் போர்ட் தோன்றாவிட்டால் அதற்கான டிரைவரை அந்தச் சில்லைச் செய்யும் நிறுவனத்தின் தளத்திலிருந்து நிறுவினால் போதும்.

உபுண்டு லினக்ஸ் 22.04-இல் ஒரு விநோதம். போர்டைச் செருகியதும் போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்துவிடும். காரணம், பார்வைத்திறன் குறைந்தோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள். ஒரு வகைப் பிரெய்ல் கருவியின் அடையாள எண்ணும் சிஎச்340-இன் எண்ணும் ஒன்றே: 1ஏ86, 7523. ஆகவே நம் போர்டைப் பிரெய்ல் கருவி என்று நினைத்து அது பிடித்துக்கொள்கிறது. இணையத்தில் எல்லோரும் ‘அந்த மென்பொருளை நீக்கிவிடு’ என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. நம் பள்ளிகளில் பார்வைத்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் கணினியில் அதை நீக்கினால் ஒருவருடைய கண்ணைப் பிடுங்கி இன்னொருவருக்கு விளக்கு ஏற்றியதாகும். அதன் விதிக் கோப்பில் இந்த எண் உள்ள ஒரே ஒரு வரியை மட்டும் செயலிழக்கச் செய்தால் போதும், மென்பொருள் இருக்கட்டும்.

லினக்ஸில் இன்னொன்று: போர்ட் தெரிகிறது, ஆனால் ‘அனுமதி இல்லை’ என்கிறது. பயனர் கணக்கை ‘டயல்அவுட்’ என்ற குழுவில் சேர்க்கவேண்டும். சேர்த்தபின் வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் நடைமுறைக்கு வரும். சேர்த்துவிட்டு உடனே சோதித்து, வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

போலிச் சில்லுகள் பற்றி ஒரு பழைய கதை. எஃப்டிடிஐ என்ற நிறுவனமும் இத்தகைய இடைச் சில்லுகளைச் செய்கிறது. 2014 அக்டோபரில் அவர்களுடைய புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தது. போலிச் சில்லைக் கண்டால் அந்த டிரைவர் சில்லுக்குள்ளேயே இருக்கும் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதன்பின் எந்தக் கணினியும் அதை அடையாளம் காணவில்லை. தான் வாங்கியது போலி என்றே தெரியாத எத்தனையோ பேருடைய கருவிகள் ஒரே இரவில் ஊமையாயின. கடும் எதிர்ப்பு எழுந்தபின் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலி செய்தவன் தப்பினான், வாங்கியவன் மாட்டிக்கொண்டான் என்பது என் கருத்து. ‘நேற்றுவரை ஓடியது சார், நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை’ என்று பிள்ளைகள் சொன்னால் உடனே நம்பாமல் முறைக்காதீர்கள். கணினி தானாகவே ஏதாவது செய்திருக்கக்கூடும்.

இப்போது ஃபர்ம்வேர் புதுப்பித்தல். இது பெரிய அறுவைச் சிகிச்சை அல்ல; ஆனால் கவனம் வேண்டும். போர்டின் பின்புறத்தில் வகை எண் அச்சிட்டிருக்கும்: வி1.5, வி2.00, வி2.21 என்று. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் இடைச் சில்லு வேறு. ஆகவே ஃபர்ம்வேர் கோப்பும் வேறு. வி2.00-க்கு 0255 என்றால் வி2.2 வகைகளுக்கு 0257. எண் பெரிதாக இருக்கிறதே என்று 0257-ஐ எல்லாவற்றிலும் போடக் கூடாது. மைக்ரோபிட் அறக்கட்டளையின் தளத்திலிருந்து உரிய கோப்பை இறக்குங்கள். வேறு எங்கிருந்தும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ரீசெட் பட்டனை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் ‘மெயின்டனன்ஸ்’ வரும். கோப்பை அதில் இழுத்துப் போடுங்கள். மஞ்சள் விளக்கு மின்னும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இந்த நேரத்தில் யாரும் மேசையை இடிக்கக் கூடாது, கேபிளை ஆட்டக் கூடாது. டிரைவ் தானாகவே ‘மைக்ரோபிட்’ என்று மாறி வரும். ‘டீடெய்ல்ஸ்’ கோப்பைத் திறந்து எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்தடை அடிக்கடி வரும் ஊரில் மேசைக் கணினியில் இதைச் செய்யாமல் மடிக்கணினியில் செய்யுங்கள். பாதியில் நின்றாலும் பெரும்பாலும் பாதகமில்லை. பராமரிப்பு நிலையை நடத்தும் தொடக்க நிரல் சில்லில் தனி இடத்தில் இருக்கிறது. அடுத்த முறை செருகும்போது ‘மெயின்டனன்ஸ்’ என்று வந்து காத்திருக்கும். முதலில் இருந்து செய்யலாம். எப்போது செருகினாலும் ‘மெயின்டனன்ஸ்’ என்றே வந்த போர்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கும் இதுவேதான் வைத்தியம்.

எல்லாம் சரியாக ஓடுகிற போர்டுக்கு இதைச் செய்யாதீர்கள். ஓடுகிற மாட்டுக்கு எதற்குச் சாட்டை?

உண்மையிலேயே செத்துப்போன போர்டும் உண்டு. 9 வோல்ட் பேட்டரியை 3 வோல்ட் முனையில் கொடுத்திருப்பார்கள். நல்ல கேபிளில், இரண்டு வேறு கணினிகளில் செருகியும் பின்புற விளக்கே எரியவில்லை என்றாலோ, செருகிய சில நொடியில் சில்லு கைவைக்க முடியாமல் சுட்டாலோ, கழற்றிவிடுங்கள், அது போய்விட்டது. அப்போது பதிவேட்டில் வெறுமனே ‘பழுது’ என்று எழுதாதீர்கள். ‘வி2.00, நல்ல கேபிள், இரண்டு கணினி, விளக்கு எரியவில்லை’ என்று ஒரு வரி எழுதுங்கள். தணிக்கைக்கு வருபவருக்கும் அது மரியாதையான பதில். ‘ஃபெயில்’ கோப்பில் ‘டார்கெட்’ என்று வந்தது என எழுதியிருந்தால், அந்தப் போர்டை மாற்றித் தரும்படி விற்றவரிடம் கேட்கவும் ஆதாரம் இருக்கும். எங்கள் பள்ளிக்கு வந்த ஒரு தொகுதியில் அப்படிக் கேட்டு இரண்டு போர்டுகள் மாற்றி வாங்கியிருக்கிறோம்.

இந்த வரியை ஆசிரியரே எழுதவேண்டும் என்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு போர்டுக்கும் ஒட்டுத்தாளில் ஒரு எண் கொடுத்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். என்ன நடந்தது, என்ன மாற்றிப் பார்த்தோம், என்ன ஆனது என்று மூன்று பத்தி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பது ஒரே விதி. கேபிளையும் கணினியையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. எட்டாம் வகுப்பு அறிவியலில் நாம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற மாறிகளும் கட்டுப்பாடும் இதுதான். கரும்பலகையில் சொன்னபோது விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, இங்கே ‘நீ ரெண்டையும் மாத்திட்ட, செல்லாது’ என்று பக்கத்துப் பையனோடு சண்டை போடுகிறான்.

பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள்: ‘எங்கள் ஊரில் இணையமே நாளுக்கு இரண்டு மணி நேரம்தான், இதெல்லாம் எப்படி?’ நல்ல கேள்வி. மேக்கோட் நிரலாக்கச் செயலியை விண்டோஸில் நிறுவிக்கொண்டால் இணையமில்லாமலும் பாடம் நடத்தலாம். ஃபர்ம்வேர் கோப்புகளை இணையம் இருக்கும் நாளில் இறக்கி, ஒரு பென்டிரைவில் போர்டின் வகை எண்ணையே பெயராக வைத்த மூன்று கோப்புறைகளில் போட்டுக்கொள்ளுங்கள். சிஎச்340 டிரைவரும் அதிலேயே இருக்கட்டும். அந்தப் பென்டிரைவை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகளின் கையில் கிடைத்தால் மறுநாள் அதில் பாட்டுதான் இருக்கும்.

கேபிள் பிரிக்கும் டேப், கைபேசி, மூன்று மடிக்கணினிகள் எல்லாம் பக்கத்து அறையில் மேசைமேல் இருக்கின்றன. பெட்டியோடு வந்திருப்பவர்கள் தேநீர் குடித்துவிட்டு அங்கே வாருங்கள். எந்தப் போர்டானாலும் முதலில் பின்புறத்து எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.